இரவல் சிவப்பு

பன்னிரண்டு தீயணைப்பு உருளைகள்.
அதில் மூன்றுதான் என் காசு.
ஐந்து, போயம்பாளையம் தெய்வசிகாமணி நிட்ஸ்.
இரண்டு, குணசுந்தரியின் காம்பாக்டிங்.
மிச்சம் இரண்டு பிரிண்டிங் ஹனீபாவுடையது,
யாரோ லாரிக்காரன் கடனுக்கு ஈடாய் வைத்துப்போனது.

ஆடிட் எவருக்கோ பன்னிரண்டும் அவருக்கு.
சாக்கில் சுற்றி டிவிஎஸ் ஃபிப்டியில் கட்டி
மூன்று நடை அடித்தால் வந்து சேர்ந்துவிடும்.
செவ்வாய் என் சுவரில் தொங்கியது
வியாழன் போயம்பாளையத்தில்.
ஆணி மட்டும் அவரவர் சொந்தம்.

நண்பர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.
பீசுக்கு நாற்பது காசு குறைத்து
என் குழந்தை பனியன் ஆர்டரைத்
தெய்வசிகாமணி தூக்கினார் போன தையில்.
மாசியில் அவர் கட்டிங் மாஸ்டரை நான் தூக்கினேன்.
பங்காளி என்று இதற்கு ஊரில் பேர்,
பங்கும் அதிலேதான், பகையும் அதிலேதான்.
ஆனால் ஷிப்மெண்டுக்கு முந்தின ராத்திரி
ஓவர்லாக் நூல் தீர்ந்துபோனால்
பன்னிரண்டரை மணிக்கும் அவர் ஷட்டரைத்தான் தட்டுவேன்.
"எத்தனை கோனுங்க?" என்பார்.
ஏன் என்று கேட்கமாட்டார்.

தொழில் கற்றதும் அப்படித்தான்.
திருப்பூரில் ரகசியம்
ஷிப்டு முடிந்ததும் டிபன் கேரியரோடு வெளியே நடக்கும்,
திங்கட்கிழமை எதிர்க் கம்பெனியில் சேர்ந்துவிடும்.
துணியை ஒரு ராத்திரி விரித்துக் கிடத்திவிட்டு
அப்புறம் வெட்டும் வழக்கம்
அந்தக் கட்டிங் மாஸ்டர் கையோடு வந்தது.
அதுவரை என் டீ ஷர்ட்டெல்லாம்
முதல் தண்ணியிலேயே தொப்புளுக்கு ஏறிக்கொண்டிருந்தன.

ஐப்பசியில் பெங்களூரிலிருந்து ஷைலஜா மேடம்.
அதிகம் பேசாதவர்.
கழிவறைத் தாழ்ப்பாள், மருந்துப் பெட்டி, வயதுச் சான்று
எல்லாம் முடித்துச் சுவரோரம் நின்றார்.
ஏழாம் எண் உருளையின் கழுத்தில் ஒரு நெளிசல்,
ஹனீபா வண்டியிலிருந்து விழுந்த நாளின் நெளிசல்.
"இதைப் போயம்பாளையத்தில் பார்த்தேனே."

நாற்பது மெஷினும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
வாய் தானாகச் சொன்னது:
"நாலு கம்பெனியும் ஒரு கூட்டுங்க மேடம்,
பாதுகாப்புக்கு."
"நல்லது. ஒப்பந்த நகலை வெள்ளிக்குள் அனுப்புங்க."

அன்று புதன்.

பொழுதோட ரிங் ரோடு பேக்கரியில்
நாலு பேர், நாலு டீ, ஒரு இருபது ரூபாய்ப் பத்திரம்.
யார் பெயர் முதலில் என்பதிலேயே ஒரு மணி நேரம் போயிற்று.
அகரவரிசை என்றார் குணசுந்தரி,
தான் முன்னால் வருவதை எண்ணிப் பார்த்துவிட்டு.
"கடைசி எழுத்துக்காரன் நான்,
டீக்காசும் என் தலையிலயா?" என்றார் ஹனீபா.
நாற்பது காசு விஷயத்தையும்
இதிலேயே எழுதிவிடலாமா என்றேன்.
தெய்வசிகாமணி தேங்காய் பன்னைப் பிய்த்தபடி,
"அது வேறுங்க மாரப்பன்.
இது நெருப்புக்கு மட்டும்."

பொய்க்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்தோம்.
ஸ்டாம்பு லெட்டர்பேடு கேட்டது.
லெட்டர்பேடு மாதாமாதம் கூட்டம் கேட்டது.
கூட்டத்தில் யாரோ, மெய்யாகவே தீப்பிடித்தால்
என்ன செய்வது என்று கேட்டுவிட்டார்.
அதுவரை அந்த யோசனை எங்களுக்கு வரவில்லை.

இப்போது பதினேழு கம்பெனி. அறுபது உருளை.
எதுவும் டிவிஎஸ்ஸில் ஏறுவதில்லை.
போன வாரம் சேர வந்த பையனிடம்
"சர்டிபிகேட் எல்லாம் சரியா இருக்குதுங்களா?" என்றேன்,
முகம் மாறாமல்.
அவன் சட்டைப்பையைத் தடவினான்.
எனக்குப் பழக்கமான தடவல்.

ஏழாம் எண்
என் மேஜைக்குப் பின்னால் தொங்குகிறது.
முள் பச்சையில் நிற்கிறது.
உள்ளே பொடி இருக்கிறதா என்று
இதுவரை எங்களில் யாரும்
அமுக்கிப் பார்க்கவில்லை.